கத்தி படாத எலும்பு

ஐயோ அக்கா, பின்சீட்டு மீன்காரம்மாவைத் திட்டாதீங்க. நாத்தம் என் பையிலேருந்துதான் வருது. பன்னித் தாடை. தள்ளிப் போகாதீங்க, நல்லா வேவவெச்சுக் கழுவுனதுதான். நேத்து வரதராஜன்பேட்டையில எங்க பெரியப்பா பேரனுக்குச் சர்ச்சுல மொத மொதல்ல நன்மை குடுத்த புதுநன்மை விருந்து. எல்லாரும் கறிக்கு எலை புடிக்க ஓடுறாங்க, நான் பட்டுப்பொடவையோட கொல்லையில நாய்கூடப் போட்டி போட்டு எலும்பு பொறுக்கிட்டு நிக்கிறேன். பெரியம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு அப்பாவ அரியலூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுக்கும் இதைத் தூக்கிட்டு வந்திருக்கேன் பாருங்க.

அந்தா, டிரைவர் பக்கத்துல துண்டு போத்திக்கிட்டு இருக்காரே, அவருதான். இடுப்பு வலி. போன வாரம் எக்ஸ்ரே படம் எடுத்தாச்சு, பெரிய டாக்டர் இன்னைக்குத்தான் பாத்துச் சொல்லணும்.

மாந்திரீகமா? அட ஏங்க்கா! தொல்லியல் படிச்சவ நான், எலும்பு பாக்குறதுக்குத்தான் சம்பளமே. இல்லக்கா, டைனோசர் இல்ல. அரியலூர்க்காரின்னாலே எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அது பெரிய ஆளுங்க வேலை, நம்மளது எச்சி எலும்பு. கடலுக்குள்ள ஒரு குட்டித் தீவு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால அங்க இருந்தவங்க என்ன தின்னாங்க, மிச்சத்தை என்ன பண்ணாங்கன்னு அவங்க குப்பைக்குழியில ஒக்காந்து பாக்குறேன். கோழியும் அதே வேலையைத்தான் செய்யுது, அது பி.எச்டி. படிக்கல.

ஆனா கெட்டிக்காரங்கக்கா அவங்க. ஆமை சிக்குனா கறி வயித்துக்கு, கொழுப்பு வெளக்குக்கு, ஓட்டைக் கவுத்தா பாத்திரம். பன்னியைப் படகுல ஏத்திட்டு வந்து வளத்திருக்காங்க. அதை எந்த வயசுல வெட்டுனாங்கன்னு பல்லை ஒப்பிட்டுப் பாக்கத்தான் இந்தத் தாடை. எலும்பைச் சீவித் தூண்டிமுள்ளு பண்ணியிருக்காங்க. தம்மாத்துண்டு தீவுல எதை வீணாக்க முடியும்? நாயைக்கூட விட்டுவைக்கல, எலும்பு பூரா கத்தி பட்ட கீறல்.

ஒரே ஒரு கெழட்டு நாய்க்கு மட்டும் கீறலே இல்ல. முழுசா பொதைச்சிருந்தாங்க. இடுப்பெலும்பு செல்லரிச்ச பலகையாட்டம் ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. எலும்புல புத்துநோய் பரவுனா அப்படித்தான் ஆவும். பாவம், எந்திரிச்சே நடந்திருக்காது. யாரோ ஊட்டிவிட்டுத்தான் அத்தனை நாள் உசிரோட இருந்திருக்கு. அதைக் கண்டுபிடிச்சன்னைக்கு நான் துள்ளிக் குதிச்சு, கூட இருந்தவங்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் குடுத்தேங்க்கா. நோவு கண்ட எலும்புக்கு லட்டு! நானெல்லாம் என்ன ஜென்மமோ.

இல்லக்கா, அழுவல. காத்துதான். ஜன்னலைக் கொஞ்சம் எறக்கிவிடுங்க.

காலையில அப்பா குளிக்கப் போனப்ப அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டேங்க்கா. அந்த நாயோடது மாதிரியேதான் இருந்துச்சு. ஈரத் தலையோட வந்து நின்னு, உனக்குத்தான் எலும்பு அத்துப்படியாச்சே, என்னம்மா தெரியுதுன்னு கேட்டாரு. எனக்கு ஆடு, மாடு, பன்னி எலும்புதாம்ப்பா தெரியும், மனுசனோடது தெரியாதுன்னுட்டேன். உன்னைப் படிக்கவெச்சதுக்கு நாலு பன்னி வாங்கி வளத்திருக்கலாம்னு சொல்லி ஒரே சிரிப்பு. கண்டக்டர்கிட்ட சொல்லியாச்சு, இப்ப டிரைவர்கிட்டயும் அதையேதான் சொல்லிச் சிரிக்கிறாரு பாருங்க. அரியலூர் வர்ற வரைக்கும் சிரிக்கட்டும்க்கா.