எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடுகளுக்குப் போன மிஸ்ஸி கௌரி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் திரு. உடையப்பன் அவர்களே, குடியிருப்போர் சங்கச் செயலாளர் திரு. சதாசிவம் அவர்களே, முன் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் கதிரவேலு அண்ணே, கோப்பெங்கிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். குனோங் ராபாட் மாதர் பகுதியின் சார்பில் நல்லம்மாள் பேசுகிறேன்.

அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் மேடையேறினேன். முடியுமா என்று தெரியவில்லை. மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், நம் பகுதிப் பெண்கள் அத்தனை பேருக்கும் ‘மிஸ்ஸி’, திருமதி கௌரி கதிரவேலு அவர்கள் நம்மை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது. இப்படி ஒரு மனுஷியை இனி எங்கே போய்த் தேடுவோம்?

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை கதிரவேலு அண்ணன், மிஸ்ஸியின் கண்ணாடிக் கிண்ணங்களையும் தட்டுகளையும் ஒரு பெட்டியில் அடுக்கி, மிஸ்ஸியின் தம்பி இளையதம்பியிடம் கொடுத்து என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “இனி வீட்டுக்கு ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவர்” என்று இளையதம்பி வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் தீபாவளி. அண்ணே, நான் இங்கே நிற்பது உங்களிடம் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கத்தான். கேட்பதற்கு முன் மிஸ்ஸியைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையோரே! எழுபத்தாறாம் ஆண்டு ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் லயத்தை விட்டு இந்த வரிசை வீடுகளுக்கு வந்தவர்கள் நாங்கள். தீபாவளி என்றால் எங்களுக்கு முறுக்கும் நெய்யுருண்டையும்தான். பிள்ளைகளோ, ஈப்போ டவுன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சாக்லெட்டைக் கேட்டு அடம்பிடிக்கும். எங்களில் யார் வீட்டில் ஓவன் இருந்தது? “ஓவனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். சனிக்கிழமை என்ர குசினிக்கு வாங்கோ” என்றார் மிஸ்ஸி. யாழ்ப்பாணத்து வம்சம், படித்த குடும்பம். பால்மரம் வெட்டிய எங்களைக் கூப்பிட்டுத் தன் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார வைத்து, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்தவர்!

அங்கே நாங்கள் கற்றுக்கொண்டது சாக்லெட் உருண்டை. மேரி பிஸ்கட்டைப் பொடித்து, டின் பால் ஊற்றி, வறுத்த தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைய வேண்டும். கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும். வெந்நீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து, அதில் சாக்லெட் கட்டியைப் போட்டு உருக்க வேண்டும். பிறகு ஈர்க்குச்சியில் உருண்டையைக் குத்தி முக்கி எடுத்து ஆறவிட்டால் வேலை முடிந்தது. கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? செய்து பாருங்கள், தெரியும்!

இதோ உட்கார்ந்திருக்கிறார் மாரியம்மா. சாக்லெட் கெட்டியாகிறதே என்று, குழம்புக்கு ஊற்றுவதுபோல ஒரு கரண்டி வெந்நீரை அதில் ஊற்றிவிட்டார். ஊற்றின மாத்திரத்தில் கிண்ணம் முழுவதும் சேறு மாதிரி இறுகிப் போனது. “ஐயோ மிஸ்ஸி, எல்லாம் போச்சு லா! இப்ப நா என்னா செய்வேன்?” என்று தலையில் கை வைத்துவிட்டார். மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். “மாரியம்மா, இதை மீன் குழம்பெண்டு நினைச்சியளோ?” என்றார். பிறகு சுடச்சுடப் பாலை ஊற்றிக் கலக்கி ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார். “இண்டைக்கு உருண்டை இல்லை. குடிச்சிட்டுப் போங்கோ.” கோபமே வராதவர் என்று நினைக்காதீர்கள். கை கழுவாமல் யாராவது உருண்டையைத் தொட்டால், ஊசி போட வருவதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

அடுத்த ஆண்டு, தீபாவளி நெருங்கும் நேரத்தில், கருப்பம்மாளின் கணவர் மாயாண்டி கோப்பெங் சாலையில் லோரி கவிழ்ந்து இறந்துபோனார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்போம். எப்படிக் கொடுப்போம்? வாசலில் நின்றே தட்டை நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்கப் பயந்து திரும்பிவிடுவோம். உண்மையா, இல்லையா?

கணவரை எடுத்த நாளிலிருந்து கருப்பம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பேச்சும் இல்லை, சோறும் இல்லை. “கிண்ணத்தை எடுங்கோ, அந்த வீட்டில போய்ச் செய்வம்” என்றார் மிஸ்ஸி. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டு வாசலில் நம் தலைவர் உடையப்பன் மறித்துக்கொண்டார். “எழவு வீட்டுல பலகாரமா மிஸ்ஸி? ஊரு என்னா பேசும்?” என்று கேட்டார்.

“எண்ணெய்ச் சட்டிதானே வைக்கக்கூடாது? இதில எண்ணெய் எங்க இருக்கு, காட்டுங்கோ பார்ப்பம்!”

சிரிக்கிறீர்களா தலைவரே? சிரியுங்கள், மிஸ்ஸிக்கும் அது பிடிக்கும். ஆனால் அடுத்து அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். “பண்டிகை கொண்டாட வரேல்ல, அண்ணே. அந்தப் பிள்ளை தனிய இருக்கிறா. அதுக்குத்தான் வந்தனாங்கள்.”

உள்ளே போய்ச் சுற்றி உட்கார்ந்தோம். மிஸ்ஸி ஈர்க்குச்சியைக் கருப்பம்மாளின் கையில் திணித்தார். உருண்டை நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. “இதுகூட எனக்கு வரமாட்டேங்குதே மிஸ்ஸி... அவரு இருந்தா கேலி பண்ணிச் சிரிச்சிருப்பாரே...” என்று சொன்னார் கருப்பம்மாள். சொல்லி முடிப்பதற்குள் ஓவென்று அழுகை வெடித்தது. வாயைப் பொத்த ஓடிய எங்களை மிஸ்ஸி கையாலேயே தடுத்துவிட்டார். அழுது முடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம்தான் கருப்பம்மாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னும், அந்த வருடம் சாவு விழுந்த வீடு எதுவோ அந்த வீட்டுக்குப் போனோம். தோட்டத்து வீடு, டவுன் வீடு என்று மிஸ்ஸி பார்த்தாரா? எந்தச் சாதி, எந்த ஊர் என்று ஒருநாளாவது கேட்டாரா? தலைவரின் மனைவி தவறிய ஆண்டு அவர் வீட்டுக் கதவையும் மிஸ்ஸிதான் தட்டினார். அன்று தலைவரே ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

கதிரவேலு அண்ணே, இனி உங்களிடம்தான் பேசுகிறேன். மிஸ்ஸியைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தது நானும் கருப்பம்மாளும். குரல் தேய்ந்துவிட்டிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். “நல்லம்மா, இந்த வருசம் எந்த வீடு?” என்று கேட்டார். அந்த நிலையிலும் அந்தக் கேள்வி! நான் யோசித்துப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் நம்ம பக்கம் யாரு வீட்டுலயும் சாவு இல்ல மிஸ்ஸி. போவ வேண்டிய வீடே இல்ல” என்றேன். “அப்பாடா” என்று சிரித்தார், அண்ணே! அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

மிஸ்ஸி செய்த வேலை நிற்காது என்று மாதர் பகுதியின் சார்பில் இந்தச் சபை அறிய வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, நாளைக்கு வேறொரு வீட்டுக் கதவை எந்த முகத்தோடு தட்டுவோம்? சனிக்கிழமை மத்தியானம் வருகிறோம். நீங்கள் பேச வேண்டாம். சாப்பிட வேண்டாம். எங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

நான் மிஸ்ஸியிடம் சொன்னது தப்பாகிவிட்டது, அண்ணே. இந்த வருடம் போக வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீடு. கதவைத் திறங்கள்.