முதல் தடவை சொன்னது

பேட்டிக்குப் போகும் வீட்டில் நான் முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன். கொடுப்பவருக்குப் பயம் தெளியும். அதையும் குற்றமென்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். விசாரணைக் குழு என்று உட்கார்ந்த பின் எதை விடப்போகிறீர்கள்?

அந்தப் பெண் வீட்டிலும் அப்படித்தான். வேலை பார்த்த இடத்து முதலாளி தன்னைச் சீரழித்ததைச் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தாள். அதோ, என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவளுடைய அக்கா, அவர்தான் அன்று அவள் கையைப் பிடித்திருந்தார். முகம் காட்டமாட்டோம், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்று முறைப்படி சொல்லித்தான் ஆரம்பித்தேன். அவளோ குடை தொலைந்த கதையைச் சொல்வதுபோல் சொல்லி முடித்தாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழாத பெண்ணை யார் நம்புவார்கள்?

"ரெக்கார்ட் ஆகலம்மா. இன்னொரு தடவை சொல்லிடு," என்றேன்.

"அவளால முடியாது சார். இதுக்கே ராத்திரியெல்லாம் தூங்கல," என்றார் அக்கா.

"அப்ப அவனுக்குத்தான் லாபம். உங்க இஷ்டம்."

மறுபடி சொன்னாள். தடுமாறிய இடத்தில் எடுத்துக் கொடுத்தேன். கதவைப் பூட்டியிருப்பானே, கத்தியைக் காட்டியிருப்பானே என்றேன். தலையாட்டினாள், அழுதாள். அதைத்தான் ஒளிபரப்பினோம்.

முதலாளியின் வக்கீலும் பார்த்தார். போலீஸில் சொல்லாத கத்தி டிவியில் எப்படி வந்தது என்று அவளைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார். இவர்தான் எடுத்துக் கொடுத்தார், முதலில் சொன்னதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றாள். முதல் தடவை பதிவாகவே இல்லை என்று நான் சாட்சி சொன்னேன். அவன் விடுதலையானான். அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம்.

எங்கள் கேமராக்காரர் உங்களிடம் கக்கிவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? பதிவாகியிருந்தது. போலீஸில் சொன்னதற்கு ஒரு சொல் பிசகாமல் இருந்தது. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த அன்றே அழித்தேன். அதை வெளியே விட்டால் நாளைக்கு எந்தப் பெண் என்னை நம்பி வாய் திறப்பாள்? அவர்களுக்காகத்தான் அழித்தேன்.

உங்கள் கருவி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லாதீர்கள், எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது.