நெட்டைப் பூ, குட்டைப் பூ

நோயெல்லாம் இல்லைங்க மேடம். நீங்க எத்தனை இலையைக் கிள்ளி உறையில போட்டுக்கிட்டுப் போனாலும் ஆய்வகத்துல இதையேதான் சொல்லப் போறாங்க. மரம் நல்லாத்தான் இருக்கு. பாத்தீங்கல்ல, கிளையே தெரியாம பூ அப்பிக்கிட்டு நிக்குது. காய் பிடிக்கலை, அவ்வளவுதான். பூத்துப் பூத்துக் கொட்டிடுது. உங்க செருப்புல ஊதாவா ஒட்டியிருக்கறதெல்லாம் அதுதான். ஐயோ, உதற வேணாம் விடுங்க. போன வருசம் இந்நேரத்துக்கு இந்தக் கொட்டகையில கால் வைக்க இடம் இருக்காது. இப்ப பூவாவது வந்து கிடக்கட்டும்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க. காலிப் பெட்டிதான், ஆனா தாங்கும். டீ வந்துடும்.

காரணமா? காரணம் நான்தான். உங்க அறிக்கையில அப்படியே எழுதிக்கங்க. மகரந்த மரத்தையெல்லாம் வெட்டச் சொன்னது பேக்கிங் கொட்டகை மேற்பார்வையாளர், அதாவது நானு. பண்ணைக்காரருக்கு மச்சினன். அக்கா வீட்டுக்காரர் போட்ட பண்ணைதான் இது. மச்சினன்னா ஒரு வேலைக்கும் உதவ மாட்டான்னு எல்லா ஊர்லயும் சொல்றாங்க. நானும் அதைக் காப்பாத்திட்டேன்.

உங்களுக்குப் படிப்பு ஈ, புழு பத்தினது இல்லீங்களா? அப்ப பூ சமாச்சாரம் கொஞ்சம் சொல்லணும். நட்சத்திரப் பழ மரத்துல ரெண்டு விதமா பூ வரும். வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணு. பிச்சுப் பாத்தாத்தான் தெரியும். நடுவுல ஒரு தண்டு இருக்கும். சில மரத்துல அது நெட்டையா வளந்து வெளிய எட்டிப் பாக்கும். சில மரத்துல குட்டையா உள்ளேயே அடங்கி உக்காந்திருக்கும். ஒரு மரத்துக்கு ஒரு விதம்தான், கலந்து வராது. நெட்டைப் பூவுக்கு நெட்டைப் பூவோட மகரந்தம் ஆகாது. குட்டையில இருந்து வந்தாத்தான் சேத்துக்கும். குட்டைக்கும் அதே கதைதான். சொந்தத்துக்குள்ள சம்பந்தமே வெச்சுக்காத குடும்பம்னு வெச்சுக்கங்களேன்.

எங்க இனிப்பு ரகம் பூரா ஒரே தாய் மரத்துல இருந்து ஒட்டுக் கட்டினது. அதனால எல்லாமே நெட்டை. தோப்பு முழுக்க நெட்டையா நட்டா, தோப்பு முழுக்கப் பூதான், பழம் கிடையாது. அதுக்குத்தான் இடையிடையில குட்டைப் பூ மரம் நின்னுச்சு. அந்தப் பழம் இருக்கே, வாயில வெச்சா காது வரைக்கும் புளிக்கும். காக்கா கூடக் கொத்திட்டு துப்பிடும். பாத்திரக் கறை தேய்க்கத்தான் ஆகும். ஆனா அது நின்னாத்தான் பக்கத்துல இருக்கறது காய்க்கும். அதைத்தான் வெட்டிட்டோம். வெட்டிட்டேன். ஒண்ணு பாக்கியில்லாம.

ஏன்னா, லாரி திரும்ப இடம் பத்தலை மேடம். அதான்.

வாம்மா, இங்க வை. சர்க்கரை தனியா கேட்டேனே? சரி, பரவாயில்லை. எடுத்துக்கங்க மேடம்.

அந்த பக்கெட்டுங்களா? மரத்துக்கு மரம் கட்டித் தொங்க விட்டிருக்கறதா? பயப்படாதீங்க, மருந்து ஒண்ணும் இல்லை. வெறும் தண்ணிதான். தூரத்துல ஒருத்தர் வீட்டுக் கொல்லையில குட்டைப் பூ மரம் ஒண்ணு நிக்குது. தினமும் போய்ப் பூவோட கிளை ஒடிச்சுக்கிட்டு வந்து தண்ணியில நட்டு வைக்கறோம். தேனீ அதுல உக்காந்து இதுல உக்காரும். சில மரத்துல பிடிச்சிருக்கு. சுண்டுவிரல் தடிமன்ல பிஞ்சு. நான் காட்டறேன், போறப்ப பாருங்க. வெட்டின அடிமரத்துலயும் துளிர் வந்துடுச்சு. அதுங்க பூக்கற வரைக்கும் இந்த பக்கெட்டுப் பொழப்புதான். தோளு ரெண்டும் கழண்டு போச்சு போங்க.

இல்லை, நான் படிச்சவன் இல்லை. லாரி ஷெட்டுல வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். அத்தான்தான் ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவர். இந்தப் பழத்தைக் கடல் தாண்டி அனுப்ப முடியும்னு ஒரு பைத்தியம் அவருக்கு. வேலையை விட்டுட்டு வந்து நிலம் வாங்கிட்டார். என்னை வந்து கூப்பிட்டார். அத்தான், எனக்கு ஒரு செடிப் பேரு கூடத் தெரியாதேன்னேன். உனக்கு லாரி தெரியும்ல, மேடு பள்ளத்துல எது நசுங்கும்னு தெரியும்ல, அது போதும் வாடான்னார். அப்புறம்தான் தெரிஞ்சுது, இந்தப் பழம் லாரியே ஏற வேணாம், லாரியைப் பாத்தாலே நசுங்கும்னு.

முதல் முதல்ல அனுப்பினது ஞாபகம் இருக்கு. இங்க ஏத்தறப்ப தங்கம் மாதிரி இருந்துச்சு. அங்க இறங்கறப்ப அஞ்சு விளிம்பும் கறுத்துப் போச்சு. நட்சத்திரம் கேட்டோம், சிலந்தி வந்திருக்குன்னு எழுதினாங்க. அதைப் படிச்சிட்டு அத்தான் சிரிச்சார் மேடம். அழறதுக்கு நான் இருக்கேன்ல. மறுநாள்ல இருந்து பழத்தைக் கீழ போட ஆரம்பிச்சார். வைக்கோல் மேல, காயிதம் மேல, துணி மேல. எதுல விழுந்தா எங்க கறுக்குதுன்னு பாக்கறார். பஞ்சு வேணும்னு வீட்டுத் தலகாணியெல்லாம் பிரிச்சுட்டார். அந்த மழைக்காலம் பூரா அக்கா பழைய துணியைச் சுருட்டித் தலைக்கு வெச்சுத் தூங்குனாங்க. என் தலையையும் அறுத்து அடியில வெச்சுப் பாருங்களேன்னு ஒரு நாள் கத்திட்டாங்க. அது கெட்டியா இருக்கும், பழத்துக்கு ஆகாதுன்னார்.

கடைசியில பழத்துக்குப் பழம் மெத்துமெத்துன்னு ஒரு வலை மாட்டி நிக்க வெச்சு அடுக்கறதுன்னு ஆச்சு. அப்புறம் நகம். இங்க வேலைக்கு வர்றவங்க நகத்தை ஒட்ட வெட்டணும். அத்தானே நகவெட்டியோட வாசல்ல நிப்பார். பூதக்கண்ணாடின்னு அவருக்குப் பட்டப்பேரு, சட்டைப் பையில எப்பவும் அது ஒண்ணு கிடக்கும். அதை வெச்சு நகத்தைப் பாப்பார். கல்யாணம் நிச்சயமான பொண்ணு ஒருத்தி மாட்டேன்னுட்டா. சரி போ, கல்யாணம் முடியற வரைக்கும் பெட்டிக்கு முத்திரை ஒட்டுன்னு விட்டார்.

பழத்துல முட்டை வைக்கற உங்க ஈ விசயமும் அவர் பாத்ததுதான். மரத்துலயே பிஞ்சுக்குப் பை மாட்டறது, பறிச்சதும் குளிர் அறையில தண்ணி உறையப் போற அளவுக்குக் குளிர வெச்சிருக்கறது, எல்லாம். பெட்டி மேல ஒரு வரி பாத்திருப்பீங்களே? சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க இந்தப் பழத்தைச் சாப்பிடக்கூடாதுன்னு. அதை எடுத்துடுங்க, பாத்தா வாங்க மாட்டாங்கன்னு ஏஜென்ட் தலையால தண்ணி குடிச்சுப் பாத்தார். அத்தான் எழுத்தை இன்னும் பெருசாக்கிட்டார். அவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யற ஆளு.

வருவார் மேடம். குளிச்சிட்டு இருக்கார். நீங்க எதுக்கு அவரைக் கேக்கறீங்க? நான்தான் எல்லாம் சொல்றேனே.

சரி. அடிமரமெல்லாம் லாரி வழியில மட்டும் இல்லை, தோப்பு நடுவுலயும் இருக்கு. கவனிச்சுட்டீங்க. ஆமா. லாரிக்குன்னு மட்டும் சொல்லக்கூடாதுதான். புளிப்புப் பழம் கீழ விழுந்து அழுகி ஈ சேருதுன்னு ஒரு நினைப்பு எனக்கு. பொறியில ஈயே விழலைதான். நீங்களே எண்ணிட்டீங்க. நினைப்புதானே மேடம், தப்பா இருக்கக்கூடாதா?

பூ பத்தி இவ்வளவு விளக்கமா சொல்றவன் எப்படி வெட்டுவான்னா... அது வெட்டின பிறகு கத்துக்கிட்டது. யார் சொல்லிக் குடுப்பாங்க, அவர்தான். பிச்சுக் காட்டிச் சொல்லிக் குடுத்தார்.

நீங்க பேனாவை மூடிட்டீங்க.

இல்லை, நம்பலைன்னா நீங்க என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும். காரணம் தெரியலைன்னு எழுதுவீங்க. காரணம் தெரியலைன்னா நோயா இருக்கலாம். நோயா இருக்கலாம்னா பண்ணையோட ஏற்றுமதிப் பதிவை எடுத்துடுவாங்க. திரும்ப வாங்கறதுக்குள்ள இங்க மேசையைச் சுத்தி நிக்கற பொம்பளைங்க எல்லாம் வேற வேலைக்குப் போயிடுவாங்க, கண்டெய்னர்காரர் நம்மளை மறந்துடுவார். அத்தான் ஆயுசுக்கும் பாத்த வேலை அதோட சரி.

மரம் அறுக்கற ஆளைப் போய்க் கேட்டா அவர் சொல்லிடுவார். நீங்க கேட்டுட்டுத்தான் வந்திருக்கீங்களா? ஓ. அப்ப இவ்வளவு நேரம் சும்மா என் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நல்லது. அந்த சர்க்கரையை இப்படித் தள்ளுங்க, எனக்கும் ஒரு டீ ஊத்திக்கறேன்.

நான் அன்னைக்கு இங்க இல்லை மேடம். சரக்கோட துறைமுகத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா, வரிசை வரிசையா மரம் கிடக்கு. இலை கூட வாடலை. அத்தான் கையெல்லாம் சிவப்புப் பெயிண்ட். எதை வெட்டணும்னு அவரே டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போய் ஒவ்வொண்ணுக்கா அடையாளம் வெச்சிருக்கார். ஒண்ணு கூடத் தப்பலை. கரெக்டா குட்டைப் பூ மரத்துக்கு மட்டும். சந்தோசமா இருந்தார். பூரா புளிப்பு மரம்டா, நல்ல இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, எந்த மடையன் நட்டான்னு தெரியலைன்னார். நட்டது அவர். தண்ணி ஊத்தினது நான்.

அதுக்கு முன்னாடி கண்ணாடியைத் தேடுவார், பேரை மறப்பார், வயசாச்சுன்னு விட்டுட்டோம். டாக்டர் அப்புறம்தான் சொன்னார். நாளாக ஆக ஞாபகம் இன்னும் போகுமாம். பழையது கொஞ்ச நாள் நிக்குமாம், புதுசு நிக்காதாம். அக்கா வெளிய வந்து, இனிமே பெயிண்ட் டப்பாவைப் பூட்டி வைடான்னு மட்டும் சொன்னாங்க.

பூ விசயம் அவருக்கு மறுநாள் காலையில திரும்ப வந்துடுச்சு மேடம். வெட்டினதுதான் வரலை. எப்பவும் போல தோப்புக்குப் போனார், அடிமரத்தைப் பாத்தார், தலையில கையை வெச்சுக்கிட்டார். எந்த மடையன்டா வெட்டினான்னு ஒரே சத்தம். நான் என்ன சொல்லட்டும்? நான்தான் அத்தான்னு சொல்லிட்டேன். கிழிச்சுட்டார். என் பரம்பரையையே இழுத்தார், அது அவர் பொண்டாட்டி பரம்பரைங்கறது கூட ஞாபகம் இல்லாம. திட்டி ஓஞ்சு, ஒரு பூவைப் பறிச்சு, பிச்சு, பூதக்கண்ணாடியில காட்டி, இது நெட்டைடா, அது குட்டைடா, இதுக்கு அது வேணும்டான்னு முதல்ல இருந்து சொல்லிக் குடுத்தார்.

அதுக்கு மறுநாளும் போனார். மறுநாளும் பாத்தார். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அவருக்கு அது அன்னைக்குத்தான் நடக்குது மேடம். தினமும் புதுசா திட்டறார். தினமும் புதுசா ஒரு பூவைப் பிய்க்கறார். நான் விளக்கமா சொல்றேன்னீங்களே, அப்படி வந்ததுதான்.

அதான் கேக்கறேன். பொறுப்பாளர் பேரை மாத்தணுமா, மாத்துங்க. முடியாத ஆள்னு எழுதணுமா, எழுதுங்க. உங்க வேலை அது. வெட்டச் சொன்னது யாருங்கற இடத்துல மட்டும் என் பேரைப் போடுங்க. உங்க கடுதாசி வந்தா அவர்தான் முதல்ல பிரிப்பார். படிக்கறது எல்லாம் அவருக்கு நல்லாப் புரியும். மேசை மேல வெச்சுக்குவார். மறுநாள் எடுத்துத் திரும்பப் படிப்பார். நான் திட்டு வாங்கிக்கறேன், எனக்குப் பழகிடுச்சு. அவருக்கு அது பழகாது மேடம். அவருக்கு எதுவும் இனிமே பழகவே பழகாது.

இருங்க, கதவுச் சத்தம். வந்துட்டார். வேலியோரமா வர்றாரு பாருங்க. இப்ப அந்த முதல் வரிசைகிட்ட நிப்பாரு. நிக்கறாரு. குனிஞ்சு தொட்டுப் பாக்கறாரு.

கொஞ்சம் சத்தமா இருக்கும், நீங்க பயப்படாதீங்க. டீயைக் குடிங்க, ஆறிடும்.

ஆமா அத்தான். நான்தான் அத்தான்.