பொட்டு வைத்த வைன் போத்தல்

"வைன் போத்தலுக்கெல்லாம் பொட்டு வச்சுட்டேன் அக்கா."

அரநாயக்க போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சொன்னார். தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலையாம்.

"எதுக்கு?" என்றார் பக்கத்திலிருந்த அம்மா.

"தொரை நெலத்துக்கடியில ரூம் கட்டி, போத்தலெல்லாம் படுக்க வச்சிருந்தாரு. விழுந்து கெடக்குன்னு நெனச்சு, ஆயுத பூசையன்னிக்குத் தொடச்சு நிமித்தி, சந்தனமும் குங்குமமும் வச்சேன்."

"ஐயோ, ஏசியிருப்பாரே!"

"வேலை போச்சுன்னுதான் நெனச்சேன். படுக்க வைக்காட்டி கார்க் மூடி காஞ்சு, வைன் கெட்டுருமாம். ஆனா ஏசல. என்கூடவே குந்தி, பொட்டு அழியாம ஒவ்வொண்ணாப் படுக்க வச்சாரு. அந்த மனுசன் நல்லா இருக்கணும் அக்கா. இத்தன வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே தரையில ஒக்காந்தது அன்னிக்குத்தான்."