கொலர் செய்த ஊர்

விட்பியிலிருந்து நகரத்துக்கு வரும் ரயிலின் மேல்தட்டில் பேசக் கூடாது என்பது விதி. எதிரில் இருந்த கணவனும் மனைவியும் பேசினார்கள். நான் முறையிட்டிருக்கலாம், காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அமெரிக்காவில ட்ரோய் எண்டு ஒரு ஊர். புருசன்ர சேட்டுத் தோய்ச்சுக் களைச்ச ஒருத்தி, ஊத்தையாகிற கொலரை மட்டும் வெட்டித் தோய்ச்சுத் திரும்பப் பூட்டினாளாம். பிறகு ஊர் முழுக்கக் கொலர் பக்டரிதான்.”

“இந்தக் கிழமை முழுக்க உந்த ஊர்க்கதைதான். ஏனப்பா?”

“சும்மா. இப்ப அந்த பக்டரியள் எல்லாம் வீடு. படியேறேக்க இன்னும் மெஷின் எண்ணெய் மணக்கும்.”

“எங்க பாத்தனீங்கள்?”

“நெட்டில.”

“நெட்டில மணக்குமோ?”

கணவர் யன்னலைப் பார்த்தார்.

“போன சனி மொன்றியலில ட்ரெய்னிங் எண்டு போனது அங்கயோ?”

“நல்ல வேலையப்பா. வீடும் மலிவு.”

“சைன் வைச்சிட்டீங்களோ?”

“ஊருக்குப் பக்கத்தால ஒரு ஆறு...”

“ஆறு கிடக்கட்டும். சைன் வைச்சிட்டீங்களோ?”

“ஓம்.”

மனைவி குரலை உயர்த்தவில்லை.

“அப்ப உந்தக் கதையெல்லாம் என்ர விருப்பத்தைக் கேக்கிறதுக்கு இல்லை. என்னைப் பழக்கிறதுக்கு.”