இருட்டுச் சாமியும் மாமியாரும்

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள்.

“அக்கா, அவ இருட்டுச் சாமியவே கட்டிக்கிறேன்னு சொல்லிட்டா!”

“எவடி?”

“கதையிலக்கா. கைய நீட்டுனா நெருப்பு வரும், அழுதா மழை கொட்டும், அவதான்.”

“மழை கொட்டுனா நமக்குப் பால்வெட்டு இல்லயேடி! சரி, கட்டிக்கிட்டாளா?”

“தெரியல லா! நானும் மாமியாரும் புத்தகத்துக்கு அடிச்சுக்கிட்டோம். எங்க வீட்டுக்காரர் பால்வெட்டுற கத்திய எடுத்து ரெண்டா அறுத்துக் குடுத்துட்டாரு. முன்பாதி என்கிட்ட, பின்பாதி மாமியார்கிட்ட. அன்னிலேருந்து பேச்சில்ல.”

“அப்புறம்?”

அவள் இறங்க எழுந்துவிட்டாள்.

“இன்னிக்கு நானே போய் மாமியார்கிட்டப் பேசப்போறேன்க்கா. பாவம், கதையில அவ ஏன் அழுவறான்னே தெரியாம அவங்களும் கூடவே அழுதுக்கிட்டு இருக்காங்க.”