நிக்கலைத் திரும்பிப் பார்க்காத புரதம்

— அந்தக் குழாயை மட்டும் குப்பையில போடாத கெஸ்தாஸ். கையை எடு.

— நியோலே, புதுக் கட்டிடத்து ஃப்ரீசர்ல ஆளுக்கு ஒரு பெட்டிதான். உன் பெட்டி ஏற்கெனவே நிரம்பி வழியுது தாயே. இது என்ன, அரதப் பழசு?

— மூடியில இருக்கிற கையெழுத்தைப் பாரு.

— தௌமந்தாஸ். கோழி கிளறின மாதிரி எழுதறவன் அவன் ஒருத்தன்தான்.

— அவனோட புரதம்டா. நிக்கல்ல ஒட்டறதுக்குன்னு வால் வெச்சு செஞ்சோமே.

— எது, நிக்கலைத் திரும்பிக்கூடப் பாக்காம ஒரு குளிர்காலம் பூரா நம்ம உயிரை வாங்குச்சே, அதுவா?

— அதேதான். நீ நிக்கலை மாத்து, நிக்கலை மாத்துன்னு குதிச்ச. நிக்கல் வாலைப் பிடிச்சாதானேடா புரதம் கைக்கு வரும்? வாலே உள்ள மடங்கிக் கிடந்தா அது என்ன பண்ணும், பாவம்.

— அது எனக்கு எப்படித் தெரியும்? அவனுக்கே நெரிஸ் ஆத்தங்கரையில நாயோட நடக்கும்போதுதான் உறைச்சுச்சு.

— கயித்தைக் குட்டையாப் பிடிச்சா நாய் என் காலுக்குப் பின்னால பதுங்குது, நீளமா விட்டா எதிர்ல வர்றவங்ககிட்ட தானாப் போய் நிக்குதுன்னு ஓடி வந்தான். வாலுக்கும் புரதத்துக்கும் நடுவுல நீளமா ஒரு லிங்கர், கயிறு மாதிரி ஒரு இணைப்பு, வைப்போம், வெறும் கிளைசின், செரீன் அமினோ அமிலம்தான், தொளதொளன்னு ஆடட்டும்னான்.

— அதைச் செஞ்சு முடிச்ச அன்னைக்கு, லேப்ல பட்ட நீலச் சாயம் போகாத கையோட கேன்டீன்ல பீட்ரூட் சூப் குடிச்சோம். சமையல்காரம்மா வாய்க்கு வந்தபடி வைதா.

— வையட்டும். அப்படி ஒரு சந்தோஷம் அதுக்கப்புறம் எனக்கு வரவே இல்லடா.

— சரி சரி, விஷயத்துக்கு வா. அதை நிக்கல் வழியா ஓட்டிப் பாக்கிறதுக்குள்ள அவனுக்கு பாஸ்டன்ல வேலை வந்துச்சு.

— போயிட்டான். ஆராய்ச்சிப் பணமும் நின்னு போச்சு. கடைசிவரைக்கும் யாருமே ஓட்டிப் பாக்கல.

— இப்ப எதுக்கு அது? டி.என்.ஏ. வரிசையை மெயில்ல அனுப்பினா கம்பெனிக்காரன் புதுசாவே செஞ்சு தபால்ல அனுப்பிடறான்.

— இது அந்த நீள லிங்கர் வெச்சு அவன் கையால செஞ்சது. அந்தப் புரதத்தைச் செய்யற பாக்டீரியா இதுல இருக்கு, நாளைக்கே வளர்க்கப் போறேன். ஒட்டுதா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

— அடுத்த வாரம் ஓய்வு பெறப் போறவளுக்கு ஏன் இந்த வேலை? வேணும்னா அவனுக்கே போன் போட்டு, வேலை செஞ்சுச்சுடான்னு சொல்லிடு. சந்தோஷப்படுவான்.

— அவன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

— இத்தனை வருஷம் கழிச்சு அவன் இதையா தாயே கேக்கப் போறான்?

— அவன் பொண்டாட்டி போன் பண்ணினா கெஸ்தாஸ். அவனுக்கு ஞாபகமெல்லாம் போயிடுச்சாம். அவளையே யாருன்னு தெரியலயாம். தினம் காலையில எழுந்து அவ முகத்தைப் பார்த்து, "நியோலே, ஒட்டிச்சா?"ன்னு கேக்கிறானாம்.